கட்டிப்போட்ட உடலும் கையில் கொடுத்த முடிவும்: ‘தி அசெம்ப்ளி’ வி.ஆர். கேம், ஒரு நிகழ்வு ஆய்வு

தொடங்கிய சில நொடிகளிலேயே நான் கட்டிப்போடப்பட்டிருக்கிறேன் என்பது புரிந்துவிட்டது. சக்கரம் வைத்த தள்ளுவண்டி ஒன்றோடு சேர்த்து என்னை இறுக்கியிருக்கிறார்கள். கை அசையாது, கால் அசையாது, தலையை மட்டும் திருப்பலாம். யாரோ தள்ளிக்கொண்டு போகிறார்கள். எங்கே என்று சொல்லவில்லை. வரச் சம்மதமா என்று கேட்கவும் இல்லை. உட்கார்ந்திருந்த நாற்காலியின் கைப்பிடியை என் நிஜக் கை இறுக்கிப் பிடித்திருந்ததை, கண்ணை மறைத்து மாட்டியிருந்த வி.ஆர். ஹெட்செட்டைக் கழற்றிய பிறகுதான் கவனித்தேன்.

‘தி அசெம்ப்ளி’ என்ற வி.ஆர். (வர்ச்சுவல் ரியாலிட்டி, மெய்நிகர் உலகம்) கேமின் தொடக்கம் இதுதான். இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் இயங்கிய என்ட்ரீம்ஸ் நிறுவனம் உருவாக்கியது. 2016 ஜூலையில் ஓக்குலஸ் ரிஃப்ட், எச்டிசி வைவ் என்ற இரண்டு ஹெட்செட்டுகளுக்கு வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் பிளேஸ்டேஷன் வி.ஆருக்கும் வந்தது. ரிஃப்ட் கடைக்கு வந்தது அந்த ஆண்டு மார்ச் கடைசியில், வைவ் ஏப்ரலில். அதாவது வீட்டில் வைத்து ஆடும் வி.ஆர். என்ற பொருளுக்கே அப்போது சில மாத வயதுதான். அந்தச் சமயத்தில் சுடுவதும் ஓடுவதும் இல்லாத, அறிவியலின் அறத்தை மட்டுமே கதையாக்கிய ஒரு சாகச விளையாட்டை எடுத்தார்கள் என்பதற்காகவே இதை உட்கார்ந்து ஆராயத் தோன்றியது. விமர்சகர்கள் கலவையாகத்தான் எழுதினார்கள். பெரும்பாலும் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த கேம் எங்கே ஜெயிக்கிறது, எங்கே தடுமாறுகிறது என்பதை அடுக்கிப் பார்த்தால், அறம் பற்றி வி.ஆர். எப்படிப் பேச முடியும் என்பது பிடிபடுகிறது. எனக்கு அதுதான் முக்கியம்.

கதை, சுருக்கமாக

அசெம்ப்ளி என்பது ஒரு ரகசிய அமைப்பு. பூமிக்கடியில் ஒரு பதுங்குகுழி. அரசின் கண்காணிப்பும் சமூகத்தின் அறக் கட்டுப்பாடும் எட்டாத இடத்தில், பல ஆண்டுகளாக ஆய்வு செய்துவரும் விஞ்ஞானிகள். நமக்கு இரண்டு பாத்திரங்கள். மேடலின் ஸ்டோன் அமைப்புக்குள் புதிதாகக் கொண்டுவரப்படுபவர். வரிசையாகச் சில சோதனைகளைத் தாண்டினால்தான் அவருக்கு அங்கே இடம். கால் பியர்சன் ஏற்கெனவே உள்ளே இருப்பவர். அமைப்பின் மேல் நம்பிக்கை போய், வெளியேறத் திட்டம் போடுகிறவர். ஒரு அத்தியாயம் அவர், ஒரு அத்தியாயம் இவர் என்று மாறி மாறிப் போகும். ஒருவர் உள்ளே வருகிறார், இன்னொருவர் வெளியே போகப் பார்க்கிறார். கடைசியில் அமைப்பின் கதி என்ன என்பது நாம் எடுக்கும் முடிவுகளைப் பொறுத்தது.

காகிதத்தில் நல்ல அமைப்புதான். ஒரே இடத்தை ஆசையோடு ஒருவர் பார்க்கிறார், அருவருப்போடு இன்னொருவர் பார்க்கிறார்.

தள்ளுவண்டி ஏன் வேலை செய்கிறது

2016இன் ஹெட்செட்டில் ஆடுகிறவர் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பார். ரிஃப்ட்டில் அப்போது கைகளைக் கண்காணிக்கும் டச் கன்ட்ரோலர் இல்லை. அது டிசம்பரில்தான் வந்தது. கையில் இருந்தது சாதாரண கேம்பேட். ஆக, தலை அசைவது தெரியும், கை அசைவது தெரியாது. மற்ற கேம்கள் இந்தக் குறையை மறைக்கப் பார்த்தன. இங்கே அதையே கதையாக்கிவிட்டார்கள். கை ஏன் வரவில்லை? கட்டியிருக்கிறார்கள். கால் ஏன் வரவில்லை? அதேதான். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் உண்மையான உடலுக்கும் மேடலினின் உடலுக்கும் இடைவெளியே இல்லாமல் போய்விடுகிறது.

இன்னொன்றும் உண்டு. கண் ‘நகர்கிறோம்’ என்று சொல்ல, உட்காது (உள்செவி) ‘இல்லையே’ என்று மறுக்கும்போதுதான் வி.ஆரில் தலைசுற்றலும் குமட்டலும் வருகின்றன. உட்காது உணர்வது வேகத்தை அல்ல, வேகம் மாறுவதை. அதனால் சீரான வேகத்தில் மெதுவாக நேரே போகும் நகர்வை உடல் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். சடாரென்று திரும்புவதையும் திடீரென்று வேகம் பிடிப்பதையும்தான் பொறுக்காது. மெல்ல உருளும் தள்ளுவண்டி அந்த வகையிலும் சரியான தேர்வு. கதைக்குத் தேவையானதும் உடலுக்குத் தோதானதும் ஒன்றாக அமைவது அபூர்வம்.

அறம் இங்கேதான் உள்ளே வருகிறது, ஒரு வசனம்கூட இல்லாமல். ஆய்வுக்கு உட்படுத்தப்படுகிறவரின் நிலை என்னவென்று யாரும் நமக்கு விளக்கவில்லை, அந்த நிலையில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். சம்மதம் கேட்கப்படாத உடல் எப்படி இருக்கும் என்பதைத் தோள்பட்டையில் உணர்கிறோம்.

மெனுவில் இருக்கும் சம்மதப் படிவம்

கட்டு அவிழ்ந்த பிறகு நடக்க வேண்டும். நகர்வதற்கு இந்த கேம் இயல்பாகத் தருவது டெலிபோர்ட் முறை: போக வேண்டிய இடத்தைக் காட்டி பட்டனை அழுத்தினால் அங்கே இருப்பீர்கள், இடையில் எதுவும் ஓடாது. திரும்புவதும் படிப்படியாகத்தான், வெட்டி வெட்டி. பழைய பாணியில் நடந்தே போக விரும்புகிறவர்கள் அதைத் தேர்ந்துகொள்ளலாம். உடலுக்கு எவ்வளவு தாங்கும் என்பது ஆடுகிறவருக்குத்தான் தெரியும் என்று ஒப்புக்கொண்ட வடிவமைப்பு இது.

இதை ஒரு சம்மதப் படிவமாகவே நான் பார்க்கிறேன். மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றலாம். 1947இல், நாஜி மருத்துவர்கள் மீதான வழக்கின் தீர்ப்போடு வந்தது நியூரம்பெர்க் நெறிமுறை. மொத்தம் 10 விதிகள். முதல் விதி, பரிசோதனைக்கு உட்படுகிறவரின் தன்னிச்சையான சம்மதம் கட்டாயம் என்கிறது. 9ஆவது விதி, தன்னால் தொடர முடியாது என்ற உடல்நிலையோ மனநிலையோ வந்துவிட்டால் பரிசோதனையை முடித்துக்கொள்ளும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும் என்கிறது. வி.ஆர். ஆடுகிற எவருக்கும் இந்த இரண்டும் கையெட்டும் தூரத்தில் இருக்கின்றன. எச்சரிக்கையைப் படித்துவிட்டு மாட்டிக்கொள்கிறோம். பிடிக்கவில்லையா, கழற்றிவிடலாம்.

அதே 2016 பிப்ரவரியில் மைக்கேல் மடாரி, தாமஸ் மெட்சிங்கர் என்ற இரு தத்துவ அறிஞர்கள் வி.ஆருக்கான அறநெறிகளை வகுத்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உடலைப் பற்றிய நம் உணர்வையே மாற்றக்கூடிய தொழில்நுட்பம் இது, அதன் விளைவு ஹெட்செட்டைக் கழற்றிய பிறகும் நீடிக்கலாம், ஆய்வில் பங்கேற்கிறவர்களுக்கு இதைச் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். ‘தி அசெம்ப்ளி’ அறத்தைப் பற்றிப் பேசும் கேம் மட்டும் அல்ல, ஆடுகிறவரின் உடல்மீது அறக் கடமை உள்ள ஒரு கேமும்தான். அந்தக் கடமையை அது ஒழுங்காகச் செய்திருக்கிறது. கதைக்குள் மேடலினிடம் யாரும் கேட்காததை, மெனுவில் நம்மிடம் கேட்கிறார்கள். இந்த முரண்பாட்டைக் கதையே கையில் எடுத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! அவர்கள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

கால் பியர்சனின் மேசை இழுப்பறைகள்

கால் பியர்சனின் பகுதிக்கு வந்தால் வேகம் குறைகிறது. மேசை, கணினி, மின்னஞ்சல், ஆய்வக உபகரணம். இழுப்பறையைத் திற, மூடு. படி. அடுத்த அறைக்குப் போ. விமர்சகர்கள் அதிகம் அலுத்துக்கொண்டது இங்கேதான். எனக்கு இந்த இடங்களில் அலுப்பு அவ்வளவாக வரவில்லை. ஒரு நிறுவனத்துக்குள் தவறு நடக்கிறது என்று கண்டுபிடிக்கிறவரின் வேலை உண்மையில் இப்படித்தான் இருக்கும் என்பதால்.

பீட்டர் பக்ஸ்டனை நினைத்துக்கொண்டேன். 1960களின் நடுவில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவையில், சான் ஃபிரான்சிஸ்கோவில் பாலியல் நோய்ப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த இளைஞர். அலபாமாவின் மேகன் மாவட்டத்தில் தன் துறையே ஒரு ஆய்வு நடத்திக்கொண்டிருப்பது சக ஊழியர்களின் பேச்சில் அவர் காதில் விழுகிறது. 1932இல் தொடங்கிய டஸ்கிகி ஆய்வு அது. ஏழைக் கறுப்பின ஆண்கள் 600 பேர். அவர்களில் 399 பேருக்கு சிஃபிலிஸ் என்ற பாலியல் நோய். என்ன நோய் என்று அவர்களுக்குச் சொல்லவே இல்லை, ‘கெட்ட ரத்தம்’ என்று மட்டும் சொன்னார்கள். 1940களில் பெனிசிலின் அந்த நோய்க்கு வழக்கமான மருந்தாகிவிட்ட பிறகும் கொடுக்கவில்லை. நோய் கடைசிவரை எப்படிப் போகிறது என்று பார்ப்பதுதான் ஆய்வே.

பக்ஸ்டன் ஆவணங்களை வரவழைத்துப் படித்தார். 1966இல் மேலிடத்துக்கு எழுதினார். 1968இல் மறுபடியும் எழுதினார். 1969இல் ஒரு குழு கூடிப் பேசி, ஆய்வு தொடரட்டும் என்று முடிவெடுத்தது. கடைசியில் அவர் ஒரு பத்திரிகையாளரிடம் போனார். 1972 ஜூலையில் அசோசியேட்டட் பிரஸ்ஸின் ஜீன் ஹெல்லர் எழுதிய செய்தி வந்த பிறகுதான் அந்த 40 வருட ஆய்வு நின்றது.

கால் பியர்சனைப் பக்ஸ்டனோடு ஒப்பிடும்போது கேமின் பலமும் தெரிகிறது, பலவீனமும் தெரிகிறது. காகிதம், சந்தேகம், தனிமை இவையெல்லாம் சரியாக வந்திருக்கின்றன. வராதது அந்த ஆறு வருடம். பதில் வராத கடிதம், ‘உனக்கு என்ன தெரியும்’ என்ற பார்வை, அப்புறம் மறுபடியும் எழுதுவது. கால் பியர்சனுக்கு எல்லாம் சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது.

பதுங்குகுழி என்ற வசதி

என் பெரிய குறை இதுதான். அசெம்ப்ளியைப் பூமிக்கடியில் வைத்தது தவறு.

அரசின் பார்வை படாத இடம், சமூகத்தின் நெறி எட்டாத இடம் என்று சொன்னவுடனே, தவறு நடப்பதற்குக் காரணம் மறைவு என்று ஆகிவிடுகிறது. வெளிச்சம் பட்டால் சரியாகிவிடும் என்று நமக்குத் தோன்றுகிறது. ஆனால் டஸ்கிகி மறைவில் நடக்கவில்லை. அதன் முதல் அறிக்கை 1936இலேயே மருத்துவ இதழில் வெளியானது. அதன் பிறகும் கட்டுரைகள் வந்துகொண்டே இருந்தன. மருத்துவர்கள் படித்தார்கள், மேற்கோள் காட்டினார்கள், அடுத்த பக்கத்தைப் புரட்டினார்கள். பதுங்குகுழி எதுவும் தேவைப்படவில்லை. அரசுப் பணம், மருத்துவமனை, தபால்தலை ஒட்டிய கடிதம், இவை போதுமானதாக இருந்தன.

இந்த கேம் உருவாகிக்கொண்டிருந்த ஆண்டுகளில் நடந்த இன்னொரு விவகாரமும் இதையே சொல்கிறது. 2011இல் நெதர்லாந்தின் ராட்டர்டாமில் ரான் ஃபூஷியேவின் குழுவும், அமெரிக்காவின் விஸ்கான்சினில் யோஷிஹிரோ கவாவோகாவின் குழுவும் ஹெச்5என்1 பறவைக்காய்ச்சல் வைரஸைப் பாலூட்டிகளுக்கிடையே காற்றில் பரவும்படி மாற்றிக் காட்டினார்கள். ஃபெரெட் என்ற சிறு விலங்குகளில் சோதித்தார்கள். அந்த டிசம்பரில் அமெரிக்காவின் உயிரியல் பாதுகாப்பு ஆலோசனைக் குழு, முடிவை வெளியிடலாம், செய்முறை விவரத்தை வெளியிட வேண்டாம் என்று பரிந்துரைத்தது. ஆய்வாளர்களே வேலையை நிறுத்திவைத்தார்கள். பிறகு அந்தக் குழு தன் நிலையை மாற்றிக்கொண்டது. 2012இல் இரண்டு கட்டுரைகளும் முழுமையாக வெளியாயின. 2014 அக்டோபரில் அமெரிக்க அரசு இந்த வகை ஆய்வுகளுக்கான நிதியை நிறுத்தியது. 2017 டிசம்பரில் மறுபடியும் திறந்துவிட்டது.

யார் வில்லன் இதில்? அடுத்த பெருந்தொற்றை முன்கூட்டியே அறிய இந்த ஆய்வு வேண்டும் என்றவர்களும் நேர்மையாகத்தான் பேசினார்கள். ஆய்வகத்திலிருந்து தப்பினால் என்ன ஆகும் என்று கேட்டவர்களும் நேர்மையாகத்தான் கேட்டார்கள். ஒரு கட்டுரையின் செய்முறைப் பகுதியில் எந்தப் பத்தியை விடுவது என்பதுதான் அங்கே இருந்த அறக் கேள்வி. இதை ஒரு வி.ஆர். கேமாக எடுத்தால் பார்ப்பதற்குக் கூட்ட அறையும் நீள மேசையும்தான் இருக்கும் என்பது உண்மை. பதுங்குகுழி அளவுக்குக் கவர்ச்சி இருக்காது. ஆனாலும் மேடலினுக்கு வைக்கும் சோதனைகளை நினைத்துப் பாருங்கள். மேடை போட்டு வைத்த புதிர்கள் அவை. நிஜத்தில் ஒரு விஞ்ஞானிக்கு அறச் சோதனை வரும்போது ‘இதோ சோதனை’ என்று யாரும் அறிவிப்பதில்லை.

முடிவு எடுக்கும் இடம்

கடைசிக்கு வருவோம். இந்த அமைப்பு இருக்கலாமா, கூடாதா என்பதுபோல் ஒரு பெரிய முடிவு நம்மிடம் வருகிறது. நான் தேர்ந்துவிட்டேன். எதுவும் உறைக்கவில்லை. தொடக்கத்தில் நாற்காலியை இறுக்கிப் பிடித்த கை இப்போது மடியில் சும்மா கிடந்தது. ஏன் என்று பல நாள் யோசித்தேன்.

2006இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் மெல் ஸ்லேட்டரும் சகாக்களும் நடத்திய ஆய்வில் எனக்குப் பதில் கிடைத்தது. ஸ்டான்லி மில்கிராம் 1961இல் யேல் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பரிசோதனை எல்லோருக்கும் தெரிந்ததே: தப்பான விடை சொல்கிறவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கச் சொல்கிறார்கள், 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள். அதிர்ச்சி பொய், அலறல் நடிப்பு. ஆனால் கொடுத்தவர்கள் அதை நிஜம் என்று நம்பினார்கள், கையெல்லாம் நடுங்கினார்கள். பங்கேற்றவர்களை இப்படி ஏமாற்றி வதைக்கலாமா என்ற சர்ச்சைக்குப் பிறகு, அதை அப்படியே திரும்பச் செய்ய வழியில்லாமல் போனது.

ஸ்லேட்டர் அதை மெய்நிகர் உலகில் செய்தார். ஹெட்செட் இல்லை, சுற்றிலும் திரைகள் அமைந்த ஓர் அறை. அதிர்ச்சி வாங்குகிறவர் கணினி வரைந்த ஒரு பெண். அவர் நிஜம் இல்லை, வலியும் நிஜம் இல்லை என்பது 34 பங்கேற்பாளர்களுக்கும் தெரியும். 23 பேருக்கு அந்தப் பெண்ணைப் பார்க்கவும் கேட்கவும் முடிந்தது. மீதி 11 பேருக்கு அவருடைய பதில் வெறும் எழுத்தாக வந்தது. எழுத்தாகப் பார்த்தவர்கள் 20 அதிர்ச்சிகளையும் கொடுத்து முடித்தார்கள். பார்த்தவர்களில் 17 பேர்தான் முழுதாகக் கொடுத்தார்கள். மற்றவர்கள் இடையில் நின்றார்கள், ஒருவர் 9ஆவதோடு. தோலின் ஈரத்தையும் இதயத் துடிப்பையும் அளந்ததில், அறிவுக்குப் பொய் என்று தெரிந்தது உடலுக்குத் தெரியவில்லை என்பது வெளிப்பட்டது.

‘தி அசெம்ப்ளி’யை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கால் பியர்சனின் பகுதிகளில் தவறு பெரும்பாலும் மின்னஞ்சலாகவும் கோப்பாகவும் வந்து சேர்கிறது. அந்த 11 பேரின் இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். படித்துத் தெரிந்துகொண்ட தீமைக்குப் படித்தவன்போலவே தீர்ப்புச் சொன்னேன். தள்ளுவண்டியில் கிடந்தபோது என் உடல் அறிந்தது கடைசி முடிவுக்கு வந்து சேரவே இல்லை. இரண்டுக்கும் நடுவில் கயிறு அறுந்துவிட்டது. மேடலினின் உடம்பு பட்டதை வைத்துத்தான் நான் முடிவெடுத்திருக்க வேண்டும். அதற்கு வழி செய்யாமல், முடிவை மட்டும் கையில் கொடுத்தார்கள்.

இன்னொருவர் எடுப்பதானால்

இதுபோன்ற ஒன்றை யாராவது மறுபடியும் எடுத்தால் பதுங்குகுழியை விட்டுவிடச் சொல்வேன். உலகத்தின் கதியை ஆடுகிறவர் தலையில் வைக்க வேண்டாம் என்பேன். சின்னதாக, கையால் செய்யும் ஒரு வேலையைக் கொடுக்கச் சொல்வேன். இன்றைய கன்ட்ரோலர்களில் விரல் அசைவுவரை தெரிகிறது. காகிதத்தை மடிப்பதுகூட ஒரு காட்சியாக முடியும்.

மேகன் மாவட்டத்து ஆண்களுக்கு அனுப்பப்பட்ட ஒரு கடிதம் உண்டு. ஊசியை முதுகெலும்பில் செருகி நீர் எடுக்க அவர்கள் வர வேண்டும். நோயின் போக்கை அறியச் செய்யும் பரிசோதனை அது, சிகிச்சையே இல்லை. ஆனால் கடிதத்தில், இது உங்களுக்குக் கிடைக்கும் சிறப்பு இலவச சிகிச்சை, இதுதான் கடைசி வாய்ப்பு என்று எழுதியிருந்தார்கள். யாரோ ஒருவர் அதைத் தட்டச்சு செய்திருப்பார். யாரோ மடித்து உறையில் போட்டிருப்பார்.

அந்த மேசையில் ஆடுகிறவரை உட்கார வையுங்கள். காலை வெளிச்சம் விழும் சாதாரண அலுவலகம். ஒரு பக்கம் கடிதங்கள், ஒரு பக்கம் உறைகள், நடுவில் பெயர்ப் பட்டியல். கடிதத்தைப் படிப்பதும் படிக்காததும் அவர் விருப்பம். பக்கத்து மேசைக்காரர் சாப்பாட்டு நேரம் ஆகிறதா என்று கேட்கிறார். சன்னலுக்கு வெளியே, பட்டியலில் பெயர் உள்ள ஒருவர் தொப்பியைக் கையில் பிடித்தபடி, தன்னைக் கூப்பிடுவார்கள் என்று காத்துக்கொண்டு நிற்கிறார். நிமிர்ந்து பார்த்தால் அவர் முகம் தெரியும். நிமிராமல் அடுத்த உறையையும் எடுக்கலாம்.